கைக்கடிகாரமும் காரில் கேட்கும் பாட்டும்

இன்றிரவு வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு, முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றைக் காதோடு சேர்த்து வைத்துக் கேளுங்கள். நொடிமுள் நகரும் 'டிக், டிக்' ஓசை தெளிவாகக் கேட்கும். நாளைக் காலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்று அதே கடிகாரத்தைக் காதருகே பிடியுங்கள். ஓசை கேட்காது. கடிகாரம் நின்றுவிட்டதா? இல்லை. அது முன்போலவே ஓசையிடுகிறது. பேருந்துகளின் இரைச்சல் அதை நம் காதுக்கு எட்டாமல் மூடிவிடுகிறது.

இந்தச் சிறிய உண்மை, இன்று கார் வைத்திருக்கும் பலர் கேட்கும் ஒரு கேள்விக்கு விடை தருகிறது. "பாட்டுக் கோப்பு பெரியதாக இருந்தால் பாட்டும் நன்றாக இருக்குமாமே! காரில் போட்டால் வித்தியாசம் தெரியுமா?" என்பதே அந்தக் கேள்வி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், சூளகிரி வழியாக ஒரு காரில் போய்க்கொண்டே விடை தேடுவோம், வாருங்கள்.

காற்றில் வரும் பாட்டு, எண்ணில் இருக்கும் பாட்டு

கிருஷ்ணகிரியில் புறப்படும்போது காரின் வானொலியில் தருமபுரி வானொலியின் பண்பலை 102.5-ஐ வைக்கிறோம் என்று கொள்வோம். தொலைவு கூடும்போதும், குன்றுகள் குறுக்கிடும்போதும் பாட்டோடு 'உஸ்' என்ற இரைச்சல் கலக்கிறது. ஓசூரை நெருங்கினால் பெங்களூரு வானொலியின் 101.3-க்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதே காரில் ஒரு பென் டிரைவைச் செருகினால், எந்த ஊரிலும் பாட்டு ஒரே மாதிரி ஒலிக்கிறது. ஏன்?

வானொலிப் பாட்டு அலையாக வருகிறது. அலை வலுவிழந்தால் பாட்டும் கெடும். பென் டிரைவில் இருப்பதோ வெறும் எண்கள். காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு மணிக்கு ஒரு முறை வெப்பத்தை அளந்து நர்ஸ் எழுதி வைக்கிறாரல்லவா? அந்த அட்டையைப் பார்த்துக் காய்ச்சல் ஏறி இறங்கிய விதத்தைக் கோடாக வரைந்துவிடலாம். ஒலியையும் அப்படித்தான் அளந்து எழுதுகிறார்கள். மணிக்கு ஒரு முறை அளந்தால் போதாது. நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள்!

ஏன் இத்தனை முறை? நல்ல செவித்திறன் உள்ள இளைஞரின் காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஓர் அதிர்வைப் பிழையின்றித் திரும்ப வரைய, அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும், கிளாட் ஷானன் 1949-இலும் எழுதிய கட்டுரைகள் இந்த விதிக்கு அடிப்படை. 20,000-இன் இரு மடங்கு 40,000. அதற்குச் சற்று மேலே வைத்ததே 44,100. பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் உருவாக்கி 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு இந்த அளவையே கொண்டது.

ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட எண்ணாக எழுதப்படுகிறது. 16 பிட்டில் 65,536 வெவ்வேறு படிகளைக் குறிக்கலாம். ஒரு பிட் கூடினால் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 6 டெசிபல் இடைவெளி கூடும். ஆகவே 16 பிட்டில் ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்க் கடிகாரத்தின் உறவினர்

எழுதிய எண்களை அதே வேகத்தில் படித்தால்தானே பாட்டு சரியாக வரும்? கார் ஒலிக்கருவிக்கு அந்த வேகத்தைச் சொல்வது யார்? குவார்ட்ஸ் படிகம்தான். 1980-களில் ஓசூரில் தொடங்கிய டைட்டன் தொழிற்சாலை புகழ்பெற்றது குவார்ட்ஸ் கடிகாரங்களால் அல்லவா? அத்தகைய கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 15 முறை இரண்டால் வகுத்துப் பாருங்கள், 1 வரும். அதுவே நொடிமுள்ளின் ஓர் அசைவு.

கார் ஒலிக்கருவியிலும் இதைவிட வேகமாக அதிரும் படிகம் ஒன்று உண்டு. அதன் தாளத்துக்கு ஏற்ப எண்கள் ஒவ்வொன்றாக மின்னழுத்தமாக மாற்றப்படுகின்றன. பெருக்கி அந்த மின்னழுத்தத்தை வலுவாக்குகிறது. கதவில் பொருத்திய ஒலிபெருக்கி காற்றை அதிரச் செய்கிறது. எண் மீண்டும் பாட்டாகிறது.

மாம்பழக் கணக்கு

இனிக் கோப்பின் எடையைப் பார்ப்போம். 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என 2 தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். 5 நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட் இடம் வேண்டும். இதைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. கிருஷ்ணகிரி மாம்பழத்தைக் கொண்டே இரண்டையும் விளக்கிவிடலாம்.

முதல் வழி, மாம்பழங்களைப் பெட்டியில் இடைவெளியின்றி நெருக்கி அடுக்குவது. இடம் மிச்சமாகும், ஒரு பழமும் குறையாது. 'ஃபிளாக்' கோப்பு இத்தகையது. 53 மெகாபைட் பாட்டு பெரும்பாலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சுருங்கும். விரித்தால் ஓர் எண்ணும் மாறாமல் திரும்பி வரும்.

இரண்டாம் வழி, தோலையும் கொட்டையையும் எறிந்துவிட்டுக் கூழை மட்டும் டப்பாவில் அடைப்பது. 'எம்.பி.3' கோப்பு இத்தகையது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இம்முறையை உருவாக்கினார்கள். நொடிக்கு 1,28,000 பிட் என்ற அளவில் செய்தால், அதே பாட்டு 4.8 மெகாபைட்டில் அடங்கிவிடும். பதினொன்றில் ஒரு பங்கு!

எதை எறிகிறார்கள்? இங்கேதான் நம் கைக்கடிகாரம் வருகிறது. தவில் உரத்து முழங்கும் கணத்தில், அதே நேரத்தில் எழும் மெல்லிய ஒலிகள் நம் காதில் விழுவதில்லை. உரத்த ஒலி அவற்றை மறைத்துவிடுகிறது. 'எப்படியும் கேட்காத ஒலிக்கு எதற்கு இத்தனை பிட்?' என்று கணக்கிட்டு, அவற்றைக் குறைவான பிட்டுகளில் எழுதுவதும் அடியோடு நீக்குவதும்தான் எம்.பி.3-இன் தந்திரம். பிட் மிகவும் குறைந்தால் கேட்கும் ஒலியிலும் கை வைக்க நேரும். அப்போது ஜால்ரா, தம்புரா போன்றவற்றின் நுண்மை மங்கும்.

ஒன்று நினைவிருக்கட்டும். கூழைப் பழப்பெட்டியில் வைத்தால் அது பழமாகாது. எம்.பி.3 கோப்பை ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, எறிந்த ஒலி திரும்பி வராது. பெரிய கோப்பு என்பதாலேயே நல்ல கோப்பு என்று நம்பிவிடாதீர்கள்.

சாலையும் அதே வேலையைச் செய்கிறது

இப்போது கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் சூளகிரியைத் தாண்டுகிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலும் டயர் சாலையில் உருளும் ஓசை, காற்று உரசும் ஓசை, எஞ்சின் ஓசை எல்லாம் சேர்ந்து உள்ளே ஏறத்தாழ 65 முதல் 70 டெசிபல் இருக்கும். அமைதியான படுக்கையறையில் 30 டெசிபல்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 16 பிட் தரும் 96 டெசிபல் இடைவெளி முழுவதையும் 65 டெசிபல் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமானால், உரத்த ஒலி 65 + 96 = 161 டெசிபல் ஆக வேண்டும். ஜெட் விமானத்தின் அருகில் நிற்பதைவிடக் கொடுமை அது! காதுக்கு இதமாக 85 டெசிபலுக்குள் கேட்டால் 20 டெசிபல் இடைவெளிதான் மிஞ்சும். பாட்டின் மெல்லிய பகுதிகளைச் சாலையே விழுங்கிவிடுகிறது. எம்.பி.3 செய்த வேலையை நெடுஞ்சாலை மறுபடியும் செய்கிறது. 24 பிட் கோப்பு, அதைவிடப் பெரிய கோப்பு என்று எதைப் போட்டாலும் ஓடும் காரில் இந்தக் கணக்கு மாறாது. மின்சாரக் காரில் எஞ்சின் ஓசை இல்லை. ஆனாலும் வேகமாகப் போகும்போது டயரும் காற்றும் சும்மா இருப்பதில்லை.

அப்படியானால் நல்ல கோப்பு வீணா? இல்லை. சாலையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டால் மிகவும் சுருக்கிய எம்.பி.3-க்கும் ஃபிளாக்குக்கும் உள்ள வேறுபாடு தெரியக்கூடும். மூலக்கோப்பை ஃபிளாக்காகச் சேமித்து வைப்பதும் அறிவுடைமை. பழம் கையில் இருந்தால் கூழை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

சங்கிலியில் பலவீனமான கண்ணி எது?

கோப்பு சரியாக இருந்தும் பாட்டு கெடுவது உண்டு. செல்பேசியிலிருந்து புளூடூத் வழியே அனுப்பினால், பாட்டு மறுபடியும் சுருக்கப்பட்டே காருக்குப் போகிறது. எல்லாப் புளூடூத் ஒலிக்கருவிகளும் அறிந்த 'எஸ்.பி.சி.' முறையில், வழக்கமான உயர்தர அளவு நொடிக்கு ஏறத்தாழ 3,28,000 பிட். ஃபிளாக் கோப்பானாலும் இந்தக் குறுகிய வாசலில் நுழைந்தே ஆக வேண்டும். பென் டிரைவில் போட்டால் எண்கள் அப்படியே கார்க் கருவிக்குச் சேரும். ஆனால் பழைய கருவிகள் பல ஃபிளாக்கைப் படிக்காது. வாங்குமுன் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

செல்பேசியைக் கார் சார்ஜரில் மாட்டி, ஒலிக்கம்பியாலும் காரோடு இணைத்தால் சில கார்களில் 'உய்ங்' என்ற கீச்சொலி கேட்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கீச்சொலியும் ஏறும். பேட்டரிக்கு மின்னூட்டம் தரும் ஆல்டர்னேட்டரின் ஏற்ற இறக்கம், இரண்டு கம்பிகளும் சேர்ந்து அமைத்த சுற்றின் வழியே பாட்டில் கலப்பதே காரணம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கீச்சொலி மறைந்தால் குற்றவாளி அகப்பட்டான்! இனிக் கதவின் உட்பலகை நடுங்கி 'கடகட'வென்று ஒலித்தால், எந்தக் கோப்பாலும் அதைத் திருத்த முடியாது.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு

இரைச்சலை வெல்ல நாம் செய்வது என்ன? ஒலியைக் கூட்டுகிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பெரியவர் ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை பாட்டுக் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் வரம்பு. சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83-இல் 20 மணி. 86-இல் 10 மணி. 89-இல் 5 மணி.

ஓசூரிலிருந்து பெங்களூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என வாரத்தில் 6 நாள் காரில் பாட்டுக் கேட்டால் 12 மணி ஆகிறது. 80 டெசிபலில் கவலை இல்லை. இரைச்சலுக்குப் பயந்து 86-க்கு ஏற்றினால் வரம்பைத் தாண்டிவிட்டார்! உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மட்டுமே. அழிந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. நுண்ணிய ஒலியைத் தேடிப் புறப்பட்டவர், நுண்ணிய ஒலியைக் கேட்கும் காதையே இழக்கலாமா? ஆம்புலன்ஸின் ஒலியும் பின்னால் வரும் லாரியின் ஹாரனும் ஓட்டுநர் காதில் விழ வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

நீங்களே சோதியுங்கள்

ஒரே பாட்டை ஃபிளாக்காகவும், அதிலிருந்தே மாற்றிய எம்.பி.3-ஆகவும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காரின் பின்னிருக்கையில் அமருங்கள். நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்றையும் தலை விழுந்தால் மற்றதையும், ஒலியளவை மாற்றாமல் போடட்டும். எது என்று அவர் சொல்லக் கூடாது. நீங்கள் விடையை எழுதுங்கள். இப்படி 10 முறை. முதலில் நிறுத்திய காரில், பிறகு பெரியவர் ஓட்டும் காரில் செய்யுங்கள்.

5 அல்லது 6 சரியானால் பெருமைப்பட வேண்டாம். கண்ணை மூடி ஊகித்தாலும் அவ்வளவு வரும். 9 அல்லது 10 சரியாக ஊகிக்கும் வாய்ப்பு 1024-இல் 11 மட்டுமே. அந்த எண்ணிக்கை வந்தால் உங்கள் காது உண்மையாகவே வேறுபாட்டைக் கேட்கிறது எனலாம். விளம்பரம் சொல்வதும் நண்பர் சொல்வதும் இருக்கட்டும்; உங்கள் நோட்டில் வந்த எண் என்ன என்று பாருங்கள்.

சோதனை முடிந்து வீடு திரும்பியதும், இரவில் அந்தக் கைக்கடிகாரத்தை மீண்டும் காதில் வையுங்கள். 'டிக், டிக்' தெளிவாகக் கேட்கிறதா? மகிழ்ச்சி. அதை முதுமை வரை கேட்கும்படி காதைக் காத்துக்கொள்ளுங்கள்.