வெட்டியும் துளிர்க்கும் வேலிகாத்தான்: மனையையும் தோட்டத்தையும் சுத்தம் செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அண்ணாமலை நகரில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பத்து சென்ட் இடம் வாங்கிப் போட்டிருந்தார். ஓய்வுக்குப் பிறகு நாலு காய்கறிச் செடி வைக்கலாமே என்று போய்ப் பார்த்தால், உள்ளே கால் வைக்க வழியில்லை. முழுக்க வேலிகாத்தான். விறகு எடுக்கிறவர் ஒருவர் வந்து, "காசெல்லாம் வேணாம் சார், மரத்த நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லி இரண்டே நாளில் இடத்தை மொட்டையடித்துக் கொடுத்தார். பெரியப்பாவுக்குப் பரம சந்தோஷம். அடுத்த பொங்கலுக்குப் போனால், ஒரு தண்டு நின்ற இடத்தில் எட்டுப் பத்துக் கிளைகள். முன்பைவிட அடர்த்தி!

இப்படி ஏமாந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. விறகுக்கும் கரிக்கும் விலை போவது தரைக்கு மேலே உள்ள கட்டைதான். அதனால் இலவசமாக வெட்டித் தருகிறவர் அதை எடுத்துக்கொண்டு, அடிக்கட்டையை நமக்கு விட்டுவிட்டுப் போகிறார். ஆனால் இந்த மரத்தின் உயிர் இருப்பது அங்கேதான்.

வேலிகாத்தான், வேலிக்கருவை, சீமைக்கருவேலம் எல்லாம் ஒரே மரம். மெக்சிகோ, தென் அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தது. விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் 1870-களில் ஆங்கிலேய அரசின் வனத்துறை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதியில், மண்ணுக்குள் ஒரு சாண் ஆழம் வரைக்கும் உறங்கும் மொட்டுகள் இருக்கும். மேலே வெட்ட வெட்ட, அந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். அதே சமயம் ஒரு நல்ல செய்தியும் உண்டு: கழுத்துக்குக் கீழே உள்ள வேர் பொதுவாகத் துளிர்ப்பதில்லை. பல மீட்டர் ஆழம் போகும் ஆணிவேரை முழுசா எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அடிக்கட்டையைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, தரையிலிருந்து ஒரு அடி ஆழத்தில் வேரை வெட்டி, கழுத்தை மேலே எடுத்துவிட்டால் போதும். சின்ன மரத்துக்குக் கடப்பாரையும் கோடாலியும் போதும். தொடை பருமன் ஆகிவிட்டால் ஜேசிபிதான்.

எனவே ஆள் பேசும்போதே "அடிக்கட்டையோடு, ஒரு அடி ஆழத்துக்கு" என்று சொல்லிப் பேசுங்கள். கூலியில் பாதியைக் குழியைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். கறாராகத் தெரியலாம். ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை செலவு செய்வதற்கு இது எவ்வளவோ மேல்.

மரம் போனாலும் விதை போகாது. அதன் ஓடு கெட்டியானது. மண்ணுக்குள் பல வருடம் முளைக்காமல் காத்துக் கிடக்கும். ஆடு மாடுகள் காயைத் தின்றால் விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, எருவும் சேர்ந்து சௌக்கியமாக முளைக்கும். அதனால் இடத்தைச் சுத்தம் செய்த பிறகு வரும் இரண்டு மூன்று மழைக்காலங்களில், மழை விட்ட ஈரத்தில் நடந்துபோய் விரல் நீளக் கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். அந்த வயதில் ஒரு இழுப்பில் வந்துவிடும். ஒரு வருடம் விட்டால் மறுபடி கடப்பாரை.

வெட்டுவதற்கு முன் மரத்தை அடையாளம் பாருங்கள். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் தலமரமான வன்னி, சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இலை பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முள்ளில்தான் வித்தியாசம்: சீமைக்கருவேலத்தில் இலை புறப்படும் கணுவில் நீளமான முட்கள் ஜோடியாக இருக்கும், வன்னியில் சின்னச் சின்ன முட்கள் கணுக்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல் இருக்கும்; சீமைக்கருவேலத்தின் பூ நீளமான கதிர். வன்னியும் நாட்டுக் கருவேலமும் நம் மண்ணின் மரங்கள், அவற்றை விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்திலோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒரு கிளையைக் காட்டிக் கேட்கலாம். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

அடுத்து, இடம் யாருடையது? சிரிக்காதீர்கள். புதர் மண்டிய இடத்தில் எல்லைக்கல் கண்ணுக்கே தெரியாது. 'தமிழ்நிலம்' இணையசேவையில் பட்டாவையும் புலப்பட வரைபடத்தையும் மொபைலிலேயே பார்க்கலாம். அ-பதிவேட்டில் பக்கத்து நிலம் புறம்போக்கா என்பதும் தெரிந்துவிடும். வாய்க்கால் கரையில், சாலையோரத்தில் நிற்கும் மரம் நம் வேலியை ஒட்டியே இருந்தாலும் நம்முடையதல்ல. அரசு நிலத்தில் உள்ள மரங்களை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். சீமைக்கருவேலமாகவே இருந்தாலும் நாமே கை வைக்காமல் உள்ளாட்சியிடமோ வருவாய்த் துறையிடமோ மனு கொடுப்பதுதான் முறை. பொது இடங்களில் இதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டதும், அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டதும் உங்கள் மனுவுக்குப் பலம் சேர்க்கும்.

விவசாய நிலம் என்றால் இயந்திரத்துக்கு வெளியே அலைய வேண்டாம். உழவன் செயலியில், வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை சேவை வழியாக டிராக்டர், ஜேசிபி, புல்டோசர் பதிவு செய்யலாம். மணிக்கணக்கில் வாடகை, அன்றைய கட்டணத்தைச் செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இது விவசாயிகளுக்கான சேவை, வீட்டு மனைக்குத் தனியார் இயந்திரம்தான் பிடிக்க வேண்டும். ஊரில் பல பேர் நிலம் சேர்ந்தாற்போல் தரிசாகக் கிடந்தால் தனியாகச் செலவு செய்வதற்கு முன் வேளாண் உதவி அலுவலரைப் பாருங்கள். கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் 10 முதல் 15 ஏக்கர் தொகுப்புகளாகத் தரிசு நிலத்தைச் சீர்திருத்த வழி இருக்கிறது.

இனி மற்ற அடிக்கட்டைகள். தென்னை வெட்டினால் துளிர்க்காது என்று அப்படியே விட்டுவிடுகிறோம். அது தப்பு. மக்கும் தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பிறகு பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் எத்தனை மரம் சாய்ந்தது என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். புயலுக்குப் பிறகு விழுந்த மரத்தை மட்டுமல்ல, அதன் தூரையும் எடுத்தாக வேண்டும்.

அடிக்கட்டையில் ஓட்டை போட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பூவரசுக்கு வைத்துப் பார்த்தோம். பெருங்காய டப்பா காலியானதுதான் மிச்சம். ஆசிட், மண்ணெண்ணெய் ஊற்றுவது அதைவிட மோசம், மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் கெடும். கிளைபோசேட் களைக்கொல்லியைப் பற்றியும் கேட்கிறார்கள். மனிதருக்கும் விலங்குகளுக்கும் உள்ள ஆபத்தைக் காட்டி, பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மூலம் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கடையில் கேட்டு வாங்கி நாமே அடிக்கிற சமாச்சாரம் இல்லை.

களைகளிலும் இதே கணக்குத்தான்: உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைக்கணும். கோரைக்கு அது கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கும் அதே கோரைக்கிழங்குதான், தோட்டத்தில் இலவசமாகத் தொல்லை தருகிறது. ரோட்டவேட்டர் விட்டால் சங்கிலியாகக் கோத்திருக்கும் கிழங்குகள் துண்டு துண்டாகி நிலம் முழுக்கப் பரவும். கருப்பு பாலித்தீன் விரித்தாலும் குத்திக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிடிக்காதது இரண்டு: காய்ச்சலும் நிழலும். சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டி, கிழங்குகளைப் பொறுக்கிக் காயவிட்டு, மழைக்குப் பிறகு தட்டைப்பயறையோ சணப்பையையோ நெருக்கமாக விதையுங்கள். ஒரே வருடத்தில் ஒழியாது, ஆனால் மூச்சுத் திணறும்.

வாய்க்காலோரம் ஊதாப் பூ பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கு உயிர் தண்டில். வெட்டி அங்கேயே போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும். தண்ணீரில் விழுந்தால் அடுத்த ஊருக்கும் போகும். வேரோடு பிடுங்கி, மேட்டில் தார்ச்சாலையிலோ களத்திலோ சருகாகும் வரை காயவிட வேண்டும். பார்த்தீனியத்துக்கு உயிர் விதையில், ஆகவே பூ எடுக்கும் முன்பே பிடுங்குங்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள், அரிப்பும் ஆஸ்துமாவும் கொண்டுவரும்.

புதருக்குள் இறங்கும்போது கெட்டியான பூட்ஸ் போட்டு, நீளக் கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள். இந்தப் பகுதிக்காரர்களுக்கு அண்ணாமலை நகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

எப்போது ஆரம்பிக்கலாம்? சிதம்பரம் பக்கத்துக் களிமண் ஐப்பசி, கார்த்திகையில் இயந்திரத்தை உள்ளே விடாது, கோடையில் கடப்பாரையை உள்ளே விடாது. தை, மாசியில் ஈரம் பாதி காய்ந்திருக்கும்போது அடிக்கட்டையைத் தோண்டுங்கள். சித்திரையில் கோரையைப் பாருங்கள். பெரியப்பா போன மாசியில் ஜேசிபி வைத்துத் தோண்டினார். இப்போது அங்கே கத்தரியும் வெண்டையும் நிற்கிறது, நடுவில் அங்கங்கே சீமைக்கருவேலக் கன்றுகளும். காலையில் வாக்கிங் போகும்போது பிடுங்கிக்கொண்டே வருகிறார்.