அஸ்திவாரம் முதல் வர்ணம் வரை



பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் வாடகை கொடுத்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, முப்பதுக்கு நாற்பது அடி மனை வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களில் பலர் தளம் போட்டவுடன் வீடு முடிந்தது என்று எண்ணுகின்றனர். உண்மையில் அப்பொழுது ஏறத்தாழ பாதிச் செலவே முடிந்திருக்கும். கையிருப்பு தீர்ந்து வேலை நின்றுவிட்டால், வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்து ஒரே சம்பளத்தை விழுங்கும்.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் போதித்தார். அக்கணக்கை ஒரே தொகையாக அல்ல, கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதுங்கள்.

உங்களிடம் ரூ.20 லட்சம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அஸ்திவாரம், பேஸ்மட்டம் ஆகியவற்றுக்கு ரூ.3 லட்சம், சுவர், தளம் ரூ.6 லட்சம், பூச்சு, மின்சாரம், குழாய் வேலை ரூ.4 லட்சம், கதவு, ஜன்னல், தரை, வர்ணம் ரூ.5 லட்சம், எதிர்பாராத செலவுக்கு ரூ.2 லட்சம். மண்ணுக்கும் இடத்திற்கும் ஏற்ப இவை மாறும். ஆனால் ஒரு கட்டத்தின் பணத்தை மற்றொன்றுக்கு எடுக்கலாகாது. சிக்கனம் தேவையானால் விலையுயர்ந்த டைல்ஸைக் குறையுங்கள். கம்பியையும் சிமெண்டையும் குறைக்காதிருங்கள்.

வங்கியும் கட்டிட வேலையின் கட்டங்களைப் பார்த்தே கடனைத் தவணைகளாக விடுவிக்கிறது. ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், வீட்டின் மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீதியை, பெரும்பாலும் முதலாவதாகவே, நீங்கள் செலவிட வேண்டியிருக்கும். மேஸ்திரிக்கும் அவ்வாறே, முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுத்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

பழைய எஸ்டிமேட்டை நம்பியிராதீர்கள். சிமெண்டின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன்படி கணக்கைத் திருத்தி வாங்குங்கள். தண்ணீர்ச் செலவையும் சேருங்கள். பிபிசி சிமெண்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாட்கள் ஈரம் காயாமல் காக்கவேண்டும். லாரித் தண்ணீரை மிச்சப்படுத்த எண்ணி இதில் குறைவு செய்தால், தளத்தில் வெடிப்பு காணும்.

ஆகவே, வானம் தோண்டுமுன் கணவனும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்காருங்கள். எல்லாக் கட்டங்களுக்கும் பணம் வரும் வழி தெளிவாகாவிடில், ஓராண்டு பொறுத்திருங்கள். தாமதமாய்த் தொடங்கிய வீடு குடிபுகும் நாளைக் காணும். பாதியில் நின்ற வீடோ கடனை மாத்திரமே வளர்க்கும்.