கரன்ட்டுக்கு விலை வைப்பது யார்?

போடிநாயக்கனூர் போயிருக்கிறீர்களா? கடைவீதியில் நடந்தாலே ஏலக்காய் வாசம் மூக்கைத் துளைக்கும். மலையில் விளைந்த ஏலத்தை இங்கே ஏலம் விடுவார்கள். இப்போது அதுவும் கம்ப்யூட்டர் வழியாக! பல வியாபாரிகள் போட்டி போட்டுக் கேட்பதால் காய்க்கு விலை அமைகிறது.

கரன்ட்டுக்கு? உங்கள் தெருவில் ஓடுவது ஒரே கம்பி. 'விலை கட்டாது' என்று பக்கத்துக் கடைக்குப் போக முடியாது. ஒரே கடைக்காரர் இஷ்டத்துக்கு விலை சொன்னால் என்ன செய்வது?

1957ல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம்தான் முன்பு கரன்ட்டைத் தயாரித்தது, விற்றது, வசூலித்தது. 1998ல் வந்த சட்டம் விலை சொல்லும் வேலைக்குத் தனி அமைப்பை உண்டாக்கியது. அதுதான் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். டெல்லியில் மத்திய ஆணையம், சென்னையில் நம் மாநில ஆணையம். இன்று இரண்டும் இயங்குவது, 2003ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி.

மத்திய ஆணையம் ஹெட்மாஸ்டர், மாநில ஆணையம் வகுப்பு வாத்தியார் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை வேறு வேறு. நெய்வேலி போன்ற மத்திய அரசு நிறுவனத்தின் அனல் மின்சாரத்துக்கும், மாநிலம் விட்டு மாநிலம் போகும் மின்சாரத்துக்கும் டெல்லி ஆணையம். நம் வீட்டு மீட்டருக்கு மாநில ஆணையம்.

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளா. தினமும் ஜீப்பில் அங்குள்ள ஏலத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்புவோர் ஏராளம். பகலில் அவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் எரியும் பல்புக்குக் கட்டணம் சொல்வது கேரள ஆணையம். இரவு வீட்டில் எரியும் பல்புக்குத் தமிழக ஆணையம்!

இன்னொரு விஷயம். கட்டணத்தை மாற்றக் கேட்கும் மனுவை ஊரறிய வெளியிட வேண்டும். மக்களின் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்கிறது 64ம் பிரிவு. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் அப்படிக் கூட்டங்கள் நடந்தன. போடிக்காரர் பேச மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. போடியிலேயே ஒரு கூட்டம் வைத்தால் ஏலக்காய்க்காரர்கள் வெளுத்து வாங்குவார்கள் என்பது என் எண்ணம்!

அந்த ஆண்டு செப்டம்பர் 10ல் கட்டணம் உயர்ந்துவிட்டது. 'அப்புறம் பேசி என்ன பயன் சார்?' என்பீர்கள். ஆணையத்தின் உத்தரவே கடைசி வார்த்தை அல்ல. 45 நாளுக்குள் டெல்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். ஆணையத்தில் சட்டம் அறிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் வழக்குப் போட்டவர்களால்தான்.

2016ல் தமிழக அரசு வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்றது அல்லவா? அதுவும் சும்மா வராது. சலுகைப் பணத்தை அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது 65ம் பிரிவு.

பில் கட்ட மறந்துவிட்டால்? உடனே ஃபியூஸைப் பிடுங்க முடியாது. முழுதாக 15 நாள் அவகாசம் கொடுத்து, எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அது 56ம் பிரிவு. அப்பாவிடம் சொல்லுங்கள், ஆனால், பில்லையும் கட்டச் சொல்லுங்கள்!