தோணாக் கரையில் ஒரு பழங்குடி

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் தோணாக் கரையோரமாக நடக்கும்போது, கபரகொய்யா ஒன்று நாக்கை நீட்டியபடி குறுக்கே போவதைக் கண்டிருப்பீர்கள். கண்டதும் கல்லைத் தேடியவர்களும் நம்மில் உண்டு. எறியுமுன் அதன் பூர்வீகத்தைச் சற்றுக் கேளுங்கள்.

கபரகொய்யாவும் உடும்பும் 'வரானஸ்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆபிரிக்காவின் நைல் உடும்பும் இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பும் இவற்றின் உறவினரே. இப்பேரினம் முதலில் தோன்றிய கண்டம் எது?

எகிப்தின் பையூம் பகுதி இதற்கொரு சான்று தந்தது. கெய்ரோவுக்குத் தென்மேற்கேயுள்ள இப்பாலை நிலம், முன்னொரு காலத்தில் கடலும் ஆறும் சதுப்பும் நிறைந்த பூமியாக இருந்தது. திமிங்கில எலும்புகள் கிடக்கும் 'வாதி அல்-ஹீத்தான்' பள்ளத்தாக்கும் இங்குதான் உள்ளது. இங்குள்ள நன்னீர்ப் படிவுகளிற் கிடைத்த முதுகெலும்புகளை ஹோம்ஸ் முதலானோர் ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் மூத்தவை சுமார் 3 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை.

தனி எலும்பை வைத்து உடும்பென்று எப்படிச் சொல்வது? அதன் முதுகெலும்பில் முன்புறம் ஒரு குழி, பின்புறம் ஒரு குமிழ். ஒன்றின் குமிழ் அடுத்ததன் குழியிற் பொருந்தும். உடும்பினத்தில் அக்குமிழுக்குச் சற்று முன்னால் எலும்பு இடுங்கியிருக்கும். அந்த இடுக்கமே அடையாளம்.

ஆகவே ஆபிரிக்காவே தாயகம் என்றனர் அவ்வாய்வாளர்கள். 2012இல் மரபணுக்களை ஒப்பிட்ட வேறொரு குழுவினரோ ஆசியாவே தாயகம் என்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஆபிரிக்கா ஆசியாவிலிருந்து கடலாற் பிரிந்திருந்த அக்காலத்திலேயே உடும்பின் உறவினங்கள் அங்கு வாழ்ந்தன என்பதற்கு அவ்வெலும்புகள் சாட்சி.

இன்னொரு செய்தி. ஹதீஸ்களில் வரும் 'ளப்பு' என்பதை நாம் உடும்பு என்றே மொழிபெயர்க்கிறோம். உண்மையில் அது முள்வாலுடைய, பெரும்பாலும் இலைதழை உண்ணும், ஓணான் குடும்பத்துப் பிராணி. அதன் உறவினமொன்றின் உயிர்ச்சுவடும் அதே பையூமில், சுமார் 3 கோடி ஆண்டுப் பழைமையான படிவிற் கிடைத்துள்ளது. பெயரால் நாம் ஒன்றாக்கிவிட்ட இரண்டும் அன்றே வேறு வேறாய், அடுத்தடுத்து வாழ்ந்திருக்கின்றன!

செத்த மீனையும் அழுகியதையும் தின்று கரையைத் துப்புரவாக்கும் கபரகொய்யா, நம் நாட்டுச் சட்டம் பாதுகாக்கும் பிராணியுமாகும். அடுத்த முறை அது குறுக்கே வந்தால் கல்லைக் கீழே போடுங்கள். பிள்ளைகளுக்கு அதன் கதையைச் சொல்லி, வழி விடுங்கள்.