இசிஜி நார்மல், அப்புறம் ஏன் இத்தனை கேள்வி?

நெஞ்சு வலின்னு போறோம். இசிஜி எடுக்கிறாங்க, நார்மல். அதுக்கப்புறமும் டாக்டர் விடமாட்டேங்கிறார். எப்போ ஆரம்பிச்சது, படி ஏறினா கூடுதா, உட்கார்ந்தா குறையுதா... "மெஷினே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுச்சே?"ன்னு நமக்குத் தோணும்.

இசிஜிங்கிறது சில நொடிகளோட பதிவு. விட்டு விட்டு வலிக்கிறவருக்கு, வலி இல்லாத நேரத்துல அது சுத்தமா இருக்கலாம். சில மாரடைப்புல கூட முதல் இசிஜி நார்மலா வரும். நம்ம ஆபீஸ் பாஷையில, கிராஷ் ஆகாத நேரத்து லாக்.

படிக்கட்டுக் கேள்விக்குக் காரணம் இதுதான். இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலும், சும்மா இருக்கும்போது ரத்தம் ஓரளவு போதும். வேகமா நடந்தா, மாடி ஏறினா பத்தாது, வலிக்கும். நின்னா சில நிமிஷத்துல குறையும். ஆஞ்சைனான்னு இதைத்தான் சொல்றாங்க. பல பேர் இதை "வலி"ன்னே சொல்றதில்லை. "அழுத்துது", "கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு"ம்பாங்க. பேசும்போது முஷ்டியை மடக்கி நடு நெஞ்சுல வெச்சா, டாக்டர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அதுக்கு லெவைன் அடையாளம்னு பேரே இருக்கு. அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணமாட்டாங்க, சரியா.

நம்ம ஊர்ல பெரிய தொல்லை இந்த 'கேஸ்'. நோயாளியே நோய்க்குப் பேர் வெச்சு, "கேஸ் டிரபிள்தான் டாக்டர், ஒரு மாத்திரை குடுங்க"ன்னு ஆரம்பிச்சிடறார். மேல் வயித்து எரிச்சல், ஏப்பம், வாந்தி எல்லாம் மாரடைப்புலயும் வரும். சர்க்கரை இருக்கிறவங்க, வயசானவங்க, பெண்கள் இவங்களுக்கு வலியே பெருசா இல்லாம மூச்சு வாங்கலும் வேர்வையும் அசதியும் மட்டும் வரலாம். அதனால பேரை விட்டுட்டு, நடந்ததைச் சொல்லுங்க: ராத்திரி எத்தனை மணிக்கு, என்ன செஞ்சிட்டிருந்தப்போ, எவ்வளவு நேரம். வீட்ல யாருக்காவது சின்ன வயசுல மாரடைப்பு வந்திருந்தா அதையும். சிகரெட் கணக்கையும் குறைக்காம.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, "எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க?" இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்தா, தட்டையா படுத்தா மூச்சு முட்டும். ஒரு தலையணை ரெண்டாகும், மூணாகும். இதுக்கப்புறம் 45 டிகிரி சாய்ச்சுப் படுக்க வெச்சு, கழுத்துல ரத்தக்குழாய் புடைச்சிருக்கான்னு பார்ப்பாங்க. கணுக்கால் மேல அமுக்கினா குழி விழுதான்னும் பார்ப்பாங்க. ஸ்டெதஸ்கோப்புக்கு முன்னாடியே இவ்வளவு.

அழுத்தம் இப்பவே இருக்கு, வேர்த்துக் கொட்டுது, கை தாடை வரைக்கும் பரவுதுன்னா இந்த எபிசோடை நிறுத்திட்டு 108-க்கு அடிங்க. பைக்கை நீங்களே எடுத்துட்டுப் போகாதீங்க.