சைக்கிள் டைனமோவுக்கு ஒரு சீராக்கி: மோட்டார் இயக்கிப் பலகையின் இன்னொரு பயன்

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்விநியோகம் நின்றுபோன பின்னர், எமது மக்களுக்குக் கைகொடுத்த கருவிகளுள் சைக்கிள் டைனமோவும் ஒன்று. பற்றரிகள் தடைசெய்யப்பட்டிருந்த அந்நாட்களில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை ஒருவர் கையால் சுற்ற, வீட்டார் வானொலிச் செய்தி கேட்டனர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, அக்காலம் பலரின் நினைவுக்கு வந்திருக்கும். டைனமோ இன்றும் பயனுள்ளதே. ஆனால் அதற்கும் வானொலிக்கும் இடையில் ஒரு சீராக்கி வேண்டும்.

டைனமோ தருவது ஆடலோட்டம். அதாவது மின்னோட்டத்தின் திசை மாறிமாறி வரும். விளக்குக் குமிழுக்கு இது பொருட்டல்ல. வானொலி, பற்றரி, கைத்தொலைபேசி ஆகியவற்றுக்கோ ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் தேவை. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க நான்கு இருவாயிகளைப் பாலம்போல இணைப்பது வழக்கம். இருவாயி என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒருவழிக் கதவு. இத்தகைய நான்கு கதவுகள், நாம் எண்ணாத ஓர் இடத்தில் ஏற்கனவே ஆயத்தமாக இருக்கின்றன.

பாடசாலை விஞ்ஞானக் கழகங்களில் சிறு இயந்திர வண்டிகள் செய்யும் மாணவர்கள் 'எல் 298 என்' என்னும் மோட்டார் இயக்கிப் பலகையைப் பயன்படுத்துவர். மோட்டாரை முன்னும் பின்னும் சுழற்றுவது இதன் வேலை. மோட்டாரின் சுருளில் ஓடும் மின்னைத் திடீரென நிறுத்தினால், அச்சுருள் உயர்ந்த எதிர் வோல்ற்றளவை உண்டாக்கிச் சில்லைப் பழுதாக்கிவிடும். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு வெளியீட்டு முனையிலிருந்தும் ஓர் இருவாயி நேர் வழங்கல் முனைக்கும், நில முனையிலிருந்து ஓர் இருவாயி அவ்வெளியீட்டுக்கும் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு மோட்டாருக்கு இரண்டு வெளியீடுகள். ஆகவே நான்கு இருவாயிகள். இந்த அமைப்பும் பாலச் சீராக்கியும் ஒன்றே.

எனவே பலகையைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். டைனமோவின் இரு கம்பிகளையும் ஒரு மோட்டாருக்குரிய இரு வெளியீட்டு முனைகளில் இணைத்தால், '12 வோல்ற்று' என்று குறித்த முனையில் நேரும், நில முனையில் மறையும் கிடைக்கும்.

இணைக்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. பலகையில் செருகியுள்ள மூன்று சிறு இணைப்பு மூடிகளையும் கழற்றிவிடுங்கள். அவை இருந்தால், வெளிவரும் மின் உள்ளிருக்கும் 5 வோல்ற்று ஒழுங்காக்கி வழியே சில்லை உயிர்ப்பிக்கும். அப்போது சில்லின் திரான்சிற்றர்கள் திறந்து, டைனமோவைக் குறுக்குச் சுற்றாக்கக் கூடும்.

2. பல்மானியின் இருவாயிச் சோதனை நிலையில், சிவப்பு முனையை வெளியீட்டிலும் கறுப்பு முனையை நேர் வழங்கலிலும் வையுங்கள். ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும். அடுத்து, சிவப்பை நிலத்திலும் கறுப்பை வெளியீட்டிலும் வைத்துப் பாருங்கள். மற்ற வெளியீட்டுக்கும் அவ்வாறே செய்யுங்கள். முனைகளை மாற்றி வைத்தபோதும் பூச்சியத்தை ஒட்டிய அளவு காட்டினால், சில்லு எரிந்து குறுகியுள்ளது, அப்பலகை உதவாது.

3. சைக்கிள் டைனமோக்கள் பலவற்றில் ஒரு முனை அதன் உடலே. அது சைக்கிளின் சட்டத்துடன் தொடுப்பாக இருக்கும். ஆகவே சீராக்கியின் மறை முனை சட்டத்தில் படக்கூடாது; பட்டால் ஓர் இருவாயி குறுக்கிடப்பட்டுச் சுற்று கெடும்.

4. நேருக்கும் மறைக்கும் இடையில் 1000 மைக்ரோபரட், 35 வோல்ற்றுக் கொள்ளளவி ஒன்றை முனை மாறாமல் இணைத்தால் வானொலியில் இரைச்சல் குறையும். சுமை எதுவும் இல்லாமல் டைனமோ வேகமாகச் சுற்றினால் வோல்ற்றளவு மிக உயரும். ஆகவே சுமையை முதலில் இணைத்த பின்பே சுற்றுங்கள். வானொலியையோ கைத்தொலைபேசியையோ நேரடியாக இணைக்காது, அதற்குத் தேவையான வோல்ற்றளவுக்குக் குறைக்கும் ஒழுங்காக்கி ஒன்றை இடையில் வையுங்கள்.

இழப்பையும் அறிந்திருத்தல் நல்லது. 6 வோல்ற்று, 3 வாற்று டைனமோ ஏறத்தாழ அரை அம்பியர் தரும். பலகையில் பெரும்பாலும் உள்ள 'எம் 7' இருவாயிகள் 1 அம்பியர் தாங்கும். ஆனால் மின் ஒரே நேரத்தில் இரண்டு இருவாயிகளைக் கடப்பதால், ஏறத்தாழ 1.8 வோல்ற்று வெப்பமாகப் போய்விடும். 'எல் 293 டி' என்னும் சிறிய சில்லில் இருவாயிகள் உள்ளேயே இருக்கின்றன. அது 600 மில்லி அம்பியர் வரையே தாங்கும். அந்த அளவில் இழப்பும் 2.6 வோல்ற்றை எட்டும். 6 வோல்ற்றில் இது பெரிய பங்கு. ஆகவே வாங்கிச் செய்பவர் மோட்டார் இயக்கியைத் தேடி அலைய வேண்டாம். '1 என் 5819' வகை ஷொட்கி இருவாயிகள் நான்கை வாங்கிப் பற்றாசு பிடித்தால், இழப்பு 1 வோல்ற்றளவில் நின்றுவிடும். ஒதுக்கிப்போட்ட பலகை கையிலிருப்பவருக்கே முன்னைய வழி இலாபம்.

ஒன்றை மறவாதீர்கள். வீட்டின் 230 வோல்ற்று மின்னை இப்பலகையில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. இச்சில்லின் எல்லை 46 வோல்ற்று. அதை மீறினால் பலகை வெடிக்கும், உயிராபத்தும் நேரும்.

பங்கு இளைஞர் மன்றங்களும் பாடசாலைக் கழகங்களும் இதை ஒரு மாலைநேரச் செயற்பாடாக எடுக்கலாம். ஒரு சில்லு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மட்டுமன்றி, அதனுள் மின் எவ்வழியே ஓடுகிறது என்பதையும் அறிந்த பிள்ளை, பழுதென்று எறியப்பட்டதிலிருந்தும் பயன் எடுக்கும். அடுத்த மின்வெட்டுக்கு முன்பே ஒவ்வொரு கிராமத்திலும் இதைச் செய்யத் தெரிந்த இருவராவது இருக்கட்டும்.