பந்தைத் தொலைத்தவர் கவனத்துக்கு

காரியாபட்டிப் பக்கம் கண்மாய்ப் பொட்டலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்குப் பந்து தேடும் சட்டம் புதிதல்ல. அடிச்சவன்தான் எடுக்கணும். சீமைக்கருவேலத்துக்குள் போய்விட்டால் முள்குத்தும் அவனுக்கே. காம்பவுண்டு தாண்டி ஒரு வீட்டுக்குள் விழுந்தால் அவன் அவுட். அந்த வீட்டுப் பாட்டியின் ஏச்சைக் கேட்டுப் பந்தை வாங்கி வருவதும் அவன் பாடுதான். பெரிய கிரிக்கெட்டில் இது தலைகீழ். 2017 வரை 'லாஸ்ட் பால்' என்று தனி விதியே இருந்தது. பந்து காணாமல் போனால் அடித்த அணிக்குக் குறைந்தது 6 ஓட்டம். பிறகு அதை 'டெட் பால்' விதிக்குள் அடக்கிவிட்டார்கள்.

கோல்ஃப் இந்த விஷயத்தில் நம் பொட்டல் கட்சி. அடித்தவரே தேட வேண்டும். கிடைக்காவிட்டால் தண்டனையும் அவருக்கே.

காரியாபட்டியில் கோல்ஃப் மைதானம் இல்லை. பிறகு எதற்கு இந்த விளக்கம் என்றால், 2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதி காலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் பதக்கத்துக்கு ஒரு படி கீழே நான்காவதாக முடித்தபோது, வாழ்நாளில் கோல்ஃப் பார்த்திராத எத்தனையோ பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தது அவர் அம்மா என்பது புரிந்தது. ஆட்டம் பாதிதான் புரிந்தது. இன்னொரு காரணம் கொடைக்கானல். பசுமைப் பள்ளத்தாக்கு பார்க்கப் போகிறவர்கள் வேன் ஜன்னல் வழியாக ஒரு பெரிய புல்வெளியைப் பார்த்திருப்பார்கள். 1895-இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் அது. அங்கே நாலு பேர் குனிந்தபடி புதருக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தால், அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் அத்தனை அவசரப்படுகிறார்கள் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் பந்து. குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது. எலுமிச்சைக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நன்றாக அடிபட்டால் 200 மீட்டரைத் தாண்டிப் போய் விழும். நடுவில் வெட்டிவிட்ட புல்தரை, அதற்கு ஃபேர்வே என்று பெயர். அதன் இரு பக்கமும் வெட்டாத புல், ரஃப். அதற்கும் அப்பால் மரம், புதர், ஓடை. கொஞ்சம் கோணலாக அடித்தால் போதும், பந்து ரஃப்புக்குள் போய்விடும். ஆக, பந்து தொலைவது இந்த ஆட்டத்தில் விபத்து அல்ல, அன்றாடம்.

கெடு 3 நிமிடம். ஆட்டக்காரரோ அவருடைய கேடியோ, அதாவது பை சுமந்து கூடவே வரும் உதவியாளரோ, தேடத் தொடங்கிய நொடியிலிருந்து கணக்கு. அவர்கள் வந்து சேருமுன் எதிராளி தேட ஆரம்பித்திருந்தால் அது கணக்கில் வராது. 3 நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாகவே பொருள். நாலாவது நிமிடத்தில் காலடியில் கண்ணில் பட்டாலும் பயனில்லை. 2018 முடிய இந்தக் கெடு 5 நிமிடமாக இருந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் சேர்ந்து விதிகளைத் திருத்தி, 2019 ஜனவரி 1 முதல் 3 நிமிடமாகக் குறைத்தன. ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்ற புகார் அவ்வளவு பெரிதாகியிருந்தது. என்னைக் கேட்டால் நல்ல திருத்தம். மூன்று நிமிடத்தில் கிடைக்காதது ஐந்தாவது நிமிடத்தில் கிடைத்தாலும், அதற்குள் கூட ஆடுகிறவர்களின் பொறுமை தொலைந்திருக்கும்.

தண்டனை கடுமையானது. முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். ஒரு அடி அபராதமாகவும் சேரும். முதல் அடியில் பந்து தொலைந்தால், அதே இடத்திலிருந்து அடுத்து அடிப்பது மூன்றாவது அடி. அடித்த அடியும் போச்சு, கடந்த தூரமும் போச்சு. அந்த 200 மீட்டரைத் திரும்ப நடப்பதற்குள் பின்னால் வரும் குழு வந்து நின்றுவிடும். கோல்ஃபின் தேடல் நாகரிகம் முழுவதும் இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கப் பிறந்ததுதான். தேடுவது என் பந்து, செலவாவது ஊரார் நேரம்.

அதனால் நல்ல ஆட்டக்காரர் தேடலை அடித்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறார். கோணலாகப் போய்விட்டதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதோ மட்டையைத் தரையில் ஓங்கி அடிப்பதோ உதவாது. பந்து விழுந்து நிற்கும் வரை கண்ணை எடுக்கக் கூடாது. விழுந்த இடத்துக்கு நேராக ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொள்ள வேண்டும். கூட ஆடுகிறவர்களும் அவருடைய பந்தைப் பார்க்க வேண்டும். அடுத்தவர் அடிக்கும்போது கைபேசியைத் தடவுகிறவரை யாரும் இரண்டாவது முறை ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். இரண்டு பேர் வெவ்வேறு இடத்தில் நின்று பார்த்த கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ, பந்து அங்கேதான் எங்கோ இருக்கும். வட இந்தியாவின் பழைய மைதானங்களில் இதற்கென்றே 'ஆகேவாலா' என்று ஒருவர் முன்னால் போய் நிற்பார். எந்தப் பந்து எந்தப் புல்லுக்குள் புகுந்தது என்று பார்த்து வைப்பதுதான் அவர் வேலை. அவர் இல்லாத இடத்தில் அந்த வேலை கேடிக்கு. பத்து வருஷம் ஒரே மைதானத்தில் நடந்த கேடி, பந்து மரத்தில் பட்ட சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் தெறித்திருக்கும் என்று சொல்லிவிடுவார்.

பந்து கிடைக்குமோ கிடைக்காதோ என்ற சந்தேகம் வந்தால், நகருமுன் இன்னொரு பந்தை அடித்து வைத்துக்கொள்ளலாம். அதற்கு 'புரொவிஷனல்' என்று பெயர், தற்காலிகப் பந்து. முதல் பந்து கிடைத்துவிட்டால் இதை எடுத்துப் பைக்குள் போட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் இதையே தொடரலாம், திரும்ப நடக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை: அடிக்குமுன் வாய் திறந்து சொல்ல வேண்டும். "புரொவிஷனல் அடிக்கிறேன்" என்று கூட ஆடுகிறவர் காதில் விழச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். பேசாமல் இன்னொரு பந்தை எடுத்து அடித்துவிட்டால், அந்த நொடியில் அதுவே ஆட்டப் பந்து ஆகிவிடுகிறது. முதல் பந்து ஃபேர்வே நடுவில் பளிச்சென்று கிடந்தாலும் அதைத் தொட முடியாது. "இன்னொன்று அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாலும் போதாது. புதிதாக ஆடுகிறவர்கள் சறுக்கும் இடம் இது. கூச்சப்பட்டு முணுமுணுத்தவர்கள் பின்னால் வாக்குவாதத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

இனி புதருக்குள். கூட ஆடுகிறவர்கள் உதவிக்கு வருவது மரபு. எதிராளியாகவே இருந்தாலும் வருவார். அவர் பந்து தொலையும்போது இவர் போவார். எல்லோரும் ஒரே இடத்தில் முண்டாமல் ஆளுக்கொரு பட்டையாகப் பிரித்துக்கொண்டு தேடுவது நல்லது. பெரும்பாலோர் பந்து போன தூரத்தை மிகையாகவே கணக்கிடுவார்கள், தன் அடியின் மேல் அவ்வளவு நம்பிக்கை. நினைத்த இடத்துக்கு இருபது அடி முன்னாலிருந்தே தேடத் தொடங்குவது புத்திசாலித்தனம். புல்லை விலக்கலாம், கிளையை வளைக்கலாம், மணலைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம். தேடுவதற்குத் தேவையான அளவு மட்டும். தேடும் சாக்கில் கிளைகளை ஒடித்து அடுத்த அடிக்கு வழி செய்துகொண்டால் அபராதம் விழும்.

தேடும்போது தெரியாமல் பந்தை மிதித்துவிட்டாலோ உதைத்துவிட்டாலோ? முன்பு ஆட்டக்காரரே தன் பந்தை அப்படி நகர்த்திவிட்டால் ஒரு அடி அபராதம். 2019 முதல் யார் நகர்த்தினாலும் அபராதம் இல்லை. இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டு ஆடலாம். இந்தச் சலுகைக்குள் ஒரு மரியாதை ஒளிந்திருக்கிறது: மிதித்தவர் உடனே சொல்ல வேண்டும். "சார், என் கால் பட்டுடுச்சு" என்று கேடி சொல்லத் தயங்கக் கூடாது. சொன்ன கேடியை ஆட்டக்காரர் முறைக்கவும் கூடாது.

பின்னால் வருகிறவர்கள் விஷயம் இதைவிட முக்கியம். பந்து சுலபத்தில் கிடைக்காது என்று தெரிந்தவுடனே பின்குழுவுக்குக் கை காட்டி "நீங்க போங்க" என்று வழிவிட வேண்டும். மூன்று நிமிடமும் தேடித் தீர்த்துவிட்டு விடுவது வழிவிடுவதாகாது. ஒருமுறை கை காட்டிவிட்டால், அந்த நொடியே பந்து கிடைத்தாலும் அவர்கள் கடந்து எட்டப் போகும் வரை ஓரமாக நிற்க வேண்டும். கிடைச்சாச்சு என்று குறுக்கே ஓடி வருகிறவர் நடுமண்டையில் பந்து வாங்கும் வாய்ப்பும் உண்டு. அப்படி ஒரு பந்து ஆள் இருக்கும் பக்கம் பறந்தால் அடித்தவர் "ஃபோர்!" என்று கத்துவார். அதைக் கேட்டால் நிமிர்ந்து பார்க்கக் கூடாது; தலையைக் கையால் மூடிக் குனிந்துகொள்ள வேண்டும்.

கிடைத்த பந்து தன்னுடையதுதானா? ஒரே கம்பெனி, ஒரே எண் உள்ள பந்துகள் ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. ஆடத் தொடங்குமுன் பேனாவால் ஒரு புள்ளியோ தலைப்பெழுத்தோ போட்டுக்கொள்வது இதற்காகத்தான். ஒரே மாதிரி இரண்டு பந்து அருகருகே கிடந்து, எது யாருடையது என்று இருவராலும் சொல்ல முடியாவிட்டால், கண்ணெதிரே கிடக்கும் இரண்டுமே தொலைந்தவை. அடுத்தவர் பந்தை அடித்துவிட்டால், அடிகளை எண்ணும் ஆட்டத்தில் 2 அடி அபராதம். குழிக்குக் குழி மோதும் ஆட்டத்தில் அந்தக் குழியே போய்விடும்.

இதை வைத்துத்தான் 1964-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் வில்லனைக் கவிழ்ப்பார். வில்லனின் பந்து புல்லில் தொலைந்துவிடும். அவனுடைய கேடி ஆட்ஜாப் கால்சட்டை வழியாக இன்னொரு பந்தை நழுவவிட்டு, கிடைத்துவிட்டது என்பான். உண்மையான பந்தோ பாண்டின் செருப்புக்கடியில் இருக்கும். பாண்ட் பிறகு பந்தை மாற்றிவைத்து, வில்லனே தவறான பந்தை ஆட வைத்து ஜெயிப்பார். பார்க்க ரசமான காட்சி. நாகரிகக் கணக்கில் இரண்டு பேருமே தேற மாட்டார்கள். அவர்களை அங்கே யார் பிடிப்பது? அன்றாட ஆட்டத்தில் புதருக்குள் உங்களோடு நடுவர் வருவதில்லை. சட்டைப்பையில் இன்னொரு பந்து எப்போதும் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். சில நேரம் தற்காலிகப் பந்து அருமையாகப் போய் விழுந்திருக்கும். முதல் பந்தோ அடர்ந்த முள்ளுக்குள் இருக்கும். ஆட்டக்காரர் "விடுங்க, தேட வேண்டாம்" என்பார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் எதிராளி தேடிப் பார்க்க நினைத்தால் தடுக்க முடியாது. முதல் பந்து தொலைந்த இடத்தைத் தாண்டி நின்று தற்காலிகப் பந்தை அடிப்பதற்கு முன், கெடு நேரத்துக்குள், எதிராளி முதல் பந்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதுவே ஆட்டப் பந்து. எதிராளி இவ்வளவு உற்சாகமாக உதவுவதை வேறெங்கும் பார்க்க முடியாது.

முள்ளுக்குள் கிடக்கும் பந்துக்கு விதியில் இரக்கம் இல்லை. கை கிழிந்தாலும் அடி, அல்லது அபராதம் ஏற்று வெளியே எடு. பாம்பு என்றால் கதை வேறு. விஷப்பாம்பு, தேனீக்கூட்டம் போல ஆளுக்குக் கெடுதல் செய்யும் உயிர் பக்கத்தில் இருந்தால் அபராதமின்றிப் பந்தை விலக்கி வைத்து ஆடலாம். கொடைக்கானல் மைதானத்தில் காட்டுமாடுகள் சர்வ சாதாரணமாக மேயும். அவற்றின் காலடியில் உருண்டு போன பந்துக்கும் இதே சலுகை பொருந்தும். போய்த்தான் எடுப்பேன் என்கிறவருக்கு விதிப்புத்தகம் உதவாது. நின்ற பந்தைக் குரங்கு தூக்கிப் போனது உறுதியாகத் தெரிந்தால், இருந்த இடத்தில் வேறு பந்து வைத்து அபராதமின்றித் தொடரலாம்.

நண்பர்களுக்குள் பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு 2019-இல் ஒரு ஆறுதலும் வந்தது. மைதானம் அனுமதித்திருந்தால், திரும்ப நடக்காமல் பந்து தொலைந்த இடத்துக்குப் பக்கவாட்டில் ஃபேர்வே ஓரமாக இன்னொரு பந்தைப் போட்டு, 2 அடி அபராதத்தோடு தொடரலாம். தொழில்முறைப் போட்டிகளுக்கு இது கிடையாது.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கும் இரண்டு சொல். வேலிக்குள் கிடக்கும் பந்தை எடுக்காதீர்கள். அனாதையாகத் தெரிந்தாலும் அதைத் தேடி ஒருவர் நடந்து வந்துகொண்டிருப்பார். நல்ல பந்து ஒன்றின் விலை சில நூறு ரூபாய் என்பது ஒரு பக்கம். அதை எடுத்துப் போனால் அவர் அடித்த அடியே வீணாகலாம் என்பதுதான் பெரிது. வேலிக்கு வெளியே சாலையில் வந்து விழுந்த பந்து ஆட்டத்தை விட்டே போய்விட்டது. உதவி செய்வதாக நினைத்து அதை உள்ளே தூக்கி எறிந்தால், பந்து உள்ளேயே இருந்தது என்று நம்பி அவர் தவறாக ஆடிவிடுவார். எங்கே விழுந்தது என்று கை காட்டினால் போதும்.